யாரோ ஒரு தம்பி

லாபு பக்கம் எங்கள் தோட்டத்துக்குள் வரும் செம்மண் சாலையில் உள்ள குழிகளில் ஆகச் சின்னதிலேயே ஓர் எருமையைக் குளிப்பாட்டலாம். பெரியதில் அந்த எருமையின் சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து நீந்தலாம். கைப்பேசி ஆப்பில் வாடகைக் கார் கூப்பிட்டால், ஓட்டுநர்கள் செம்பனை மரங்கள் தொடங்கும் வளைவு வரைக்கும் வருவார்கள், எட்டிப் பார்ப்பார்கள், பயணத்தை ரத்து செய்துவிட்டுத் தலைதெறிக்க ஓடுவார்கள். ஆப்பில் கூப்பிட்டால் ஆப்பு வைத்துவிட்டுப் போகிறான் என்பதால் அதற்கு 'ஆப்புக் கார்' என்றே நாங்கள் பெயர் வைத்துவிட்டோம்.

குழிக்குப் பயப்படாமல் உள்ளே வந்த ஒரே ஆள் புவனேஸ்வரன். செனாவாங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்த பையன். முப்பது வயதுகூட இருக்காது. உடம்பு எப்படி ஒல்லி என்றால், சீட் பெல்ட் போட்டால் ஆளைக் காணோம், பெல்ட் மட்டும்தான் தெரியும்.

அவனுக்கு வாடிக்கை ராக்கம்மா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை. தோட்டத்து வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தில் தனியாக இருந்துகொண்டு, செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். அவள் தும்மினால் பக்கத்து விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கும். உலகத்தில் அவளுக்கு உறவு இல்லாத ஆளே கிடையாது. மீட்டர் பார்க்க வரும் மலாய்க்காரர் அண்ணன். கோழி விற்கும் சீனத்தி தங்கச்சி. கூரையில் குதிக்கும் குரங்கைக்கூட "போடா மருமவனே" என்றுதான் விரட்டுவாள். புவனேஸ்வரன் முதல் நாள் காரை நிறுத்தியதுமே தம்பி ஆகிவிட்டான்.

அவளிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் சாப்பாட்டுக் கடை குணாளன்தான் தன் போனில் கார் கூப்பிட்டுக் கொடுப்பான். பதிவு அவன் பெயரில் இருக்கும். ராக்கம்மா இறங்கும்போது காசைக் கையில் கொடுப்பாள். இதெல்லாம் பின்னால் எவ்வளவு பெரிய விவகாரமாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராக்கம்மாவைக் காய்கறி வாங்கச் சிரம்பான் பாசாருக்குக் கூட்டிப்போகிற வழியில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து மாடு ஒன்று சாலைக்கு நடுவில் வந்து நின்றது. புவனேஸ்வரன் ஒடித்தான். கார் சாலையோரத்துப் பெரிய லோங்கானில் தலைகுப்புற விழுந்தது. சாக்கடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோது மாடு ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்ததாம். பையனுக்கு நெற்றியில் தையல். ராக்கம்மாவுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்து, எலும்பு வெளியே வந்துவிட்டது. ஏற்கெனவே இனிப்பு நீர்க்காரி, புண் லேசில் ஆறாது.

ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் வாங்கப் போலிஸ்காரர் வந்தபோது நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். புவனேஸ்வரன் சுவரோரம் குந்தி அழுதுகொண்டிருந்தான். போலிஸ்காரர் அவனை ஓர் அதட்டு அதட்டினார். அவ்வளவுதான், வலியில் முனகிக்கொண்டிருந்த ராக்கம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"ஜாங்ஙான் மாரா, துவான்! இத்து அடேக் சாயா!"

கோபிக்காதீர்கள் ஐயா, அது என் தம்பி. போலிஸ்காரர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். ஓட்டுநர், காயப்பட்டவரின் தம்பி. முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பையன் செய்ததைச் சொன்னால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். வழக்கமாகச் செய்வேன்தான், இதில் இல்லை. கார் பட்டறையில் கிடந்தது. நண்பனின் காரைக் கடன் வாங்கிக்கொண்டு வருவான். சோறு கொண்டுவருவான், தண்ணீர் பிடித்து வைப்பான், புண்ணுக்குக் கட்டு மாற்றும் நாளெல்லாம் அவளைத் தூக்கி உட்காரவைத்துச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான்.

"என்னாடா இது, சாம்பாரா, மழைத் தண்ணியா?" என்று அவள் கத்துவது எங்கள் வீடு வரை கேட்கும்.

"சும்மா சாப்பிடு லா, அக்கா. காலு போனாலும் வாயி போவலயே ஒனக்கு!"

"போனா ஒன் தலயிலதான் ஏறி ஒக்காருவேன்."

இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஓர் ஆள் வந்தார். நல்ல தமிழ் பேசினார். குணாளன் கடையில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் ஒரு பீப்பாய், உளுந்து வடை ஒரு மூட்டை தின்றார். பிறகு, சும்மா கேட்பது போல் கேட்டார்.

"அந்தப் பையன் அந்த அம்மாவுக்கு என்ன ஆவணும்?"

"தம்பிதான் சார்!" என்றான் குணாளன். "ஒரே வயித்துல பொறந்த மாதிரி. அவ்ளோ பாசம்."

"அடிக்கடி வருவாரோ?"

"அடிக்கடியா? இங்கேயே கெடப்பான். அந்த வூட்டு ஆளு மாதிரிதான்."

சுற்றி இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு பங்கு சேர்த்தார்கள். நல்ல பிள்ளையைப் பற்றி நல்ல விதமாகச் சொல்கிறோம் என்ற சந்தோஷம் எல்லோருக்கும். அந்த ஆள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். 'மாதிரி' என்ற சொல்லை மட்டும் வடைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இழப்பீடு கிடையாது என்று பதில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நானும் குணாளனும் ராக்கம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளியபடி சிரம்பானில் வழக்கறிஞர் மாதவியிடம் போனோம். புவனேஸ்வரனும் வந்தான்.

மாதவி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆன்ட்டி, வாடகைக்கு ஏறுன பாசெஞ்சர்னா இன்சூரன்ஸ் பொறுப்பு. இவரு அதுக்குன்னு தனியா காசு கட்டித்தான் வெச்சிருக்காரு. ஆனா வீட்டு ஆள சும்மா ஏத்திக்கிட்டுப் போனா அது வேற. அதுக்கு இந்தப் பாலிசியில எடம் இல்ல. தம்பி கார் ஓட்டுனாருன்னு நீங்களே போலிஸ்ல சொல்லியிருக்கீங்க."

"அலாமாக்! அது ஒரு மொறைக்குச் சொல்றது தாயி."

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியணுமே."

"பொறப்புப் பத்திரத்தக் காட்டுங்க லா," என்றான் குணாளன். "இவ அப்பன் வேற, அவன் அப்பன் வேற."

"அதக் காட்டலாம். ஒரே வீட்டு ஆளு இல்லன்னு எதக் காட்டுறது? ஆப்புல ஒங்க பேரு இருக்கு, இவங்க பேரு இல்ல. காசும் எப்பவும் கையிலதான் குடுத்திருக்காங்க." மாதவி கோப்பைத் திருப்பிக் காட்டினார். விசாரிக்க வந்த ஆள் தூரத்திலிருந்து எடுத்தவை. புவனேஸ்வரன் சோற்றுப் பாத்திரத்தோடு லயத்துக்குள் நுழைகிற படம். ராக்கம்மாவைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு காருக்கு வருகிற படம். அழகான படங்கள்தான். வேறு எங்காவது பார்த்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்போம்.

"யாரோ ஒருத்தருக்கு எந்த டிரைவராச்சும் இவ்ளோ செய்வாரான்னு கேப்பாங்க," என்றார் மாதவி.

தொழிற்சாலை வேலை போய்விட்டது. இந்த இழப்பீடு வந்தால்தான் ராக்கம்மாவுக்கு இனிச் சோறு. வராவிட்டால் அவள் புவனேஸ்வரன் மேல்தான் வழக்குப் போட வேண்டும். பட்டறையில் நசுங்கிக் கிடக்கும் காரைத் தவிர அவனிடம் ஒன்றும் இல்லை.

"கேசு முடியிற வரைக்கும் அவரு வர வேணாம்," என்றார் மாதவி. "போன் வேணாம். இந்த அக்கா தம்பியும் வேணாம். நீங்க யாரோ, அவரு யாரோ."

"சாப்பாடு?" என்றான் புவனேஸ்வரன். "கட்டு மாத்தணுமே மேடம்."

"வேற ஏற்பாடு பண்ணிக்கச் சொல்லுங்க."

வேற ஏற்பாடு என்பது சொல்ல எவ்வளவு சுலபமான சொல்! சோற்றுக்குக் குணாளன் இருந்தான். ஆஸ்பத்திரிக்கு? என்னிடம் இருப்பது என்னைவிட வயதான மோட்டார் சைக்கிள். அதில் ஏற்றினால் மறு காலும் போகும். ஆப்புக் காரைக் கூப்பிட்டால் வளைவு வரை வந்து ரத்து, மறுபடி கூப்பிட்டால் மறுபடி ரத்து. ஒரு தடவை செம்பனைக்குலை ஏற்றும் லாரியில் கொண்டுபோனோம். அந்தக் குலுக்கலில் அவள் போட்ட சத்தத்துக்கு வழியெல்லாம் காய் உதிர்ந்திருக்கும். திரும்பி வந்ததும், இனிமேல் சாகிறேனே தவிர லாரியில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள்.

"அவனக் கூப்பிடுவோமா?" என்று நான் கேட்டேன்.

"வேணாண்ணே. படம் புடிச்சிருவானுங்க. அப்புறம் அந்தப் பையன் தலயில விழுந்துரும். புண்ணுதானே, ஆறிரும்."

ஆறவில்லை. கட்டை அவளே பிரித்து, அவளே கட்டினாள். பழைய துணியை மஞ்சள் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கூரைக் குரங்கு சமையல்கட்டு வரைக்கும் வந்து சோற்றுப் பானையைத் திறந்தது. அதை அவள் விரட்டவில்லை.

விசாரிக்கும் ஆள் மறுபடியும் இரண்டு மூன்று தடவை வந்தார். இந்த முறை நாங்கள் விவரமாகிவிட்டோம். "யாரு புவனேஸ்வரன்? தெரியாதே சார்," என்றோம். குணாளன் வடைகூடக் கொடுக்கவில்லை. அவர் தூரத்தில் காரை நிறுத்தி, ராக்கம்மா தவழ்ந்து வாசல் குழாய்க்குப் போவதையும், ஒரு வாளித் தண்ணீரைத் தள்ளித் தள்ளி உள்ளே கொண்டுபோவதையும் படம் எடுத்தார். உதவிக்கு ஒருவரும் இல்லை. எங்கள் வழக்குக்கு வேண்டிய சாட்சி அதுதான். எங்களில் ஒருவன் ஓடிப்போய்த் தூக்கியிருந்தால் அது புவனேஸ்வரன் ஏற்பாடு செய்த ஆள் என்று எழுதிவிடுவாரோ என்ற பயத்தில், நாங்கள் கடைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாற்றம் லயத்துக்கு வெளியே வந்த பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். அது குழியெல்லாம் தாண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது எங்களுக்குச் சாதகமாகத்தான் எல்லாம் போனது. உறவு இல்லை என்பதற்குப் பத்திரம் இருந்தது. கார் கூப்பிட்டது அவளுக்காகத்தான் என்று குணாளன் சத்தியம் செய்தான். ஒரே வீட்டு ஆள் இல்லை என்பதற்குக் கம்பெனி ஆள் எடுத்த படமே இருந்தது. கம்பெனி வழக்கறிஞர் அந்த வழியை விட்டுவிட்டு வேறு வழியாக வந்தார். அவர் மலாயில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"கால் எடுக்கப்பட்டதற்கு விபத்து காரணமல்ல, நீங்கள் சிகிச்சைக்குப் போகாததே காரணம் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?"

"போவ முடியல."

"முதலில் ஒழுங்காகப் போயிருக்கிறீர்கள். இவர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்." அவர் கை புவனேஸ்வரனைக் காட்டியது. "பிறகு ஏன் அவரைக் கூப்பிடவில்லை?"

மாதவி குனிந்து பேனாவைப் பார்த்தார். மாதவிதான் அவனை வரவேண்டாம் என்றார் என்று ராக்கம்மா சொன்னால், ஏன் சொன்னார், எதை மறைக்கச் சொன்னார் என்று அடுத்த கேள்வி வரும். மறுபடியும் அக்கா, மறுபடியும் தம்பி. புவனேஸ்வரன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ராக்கம்மா அவன் பக்கம் திரும்பவில்லை.

"அவரு யாரோங்க," என்றாள். "காருல ஏறுனேன், விழுந்துச்சு. அடிபட்டதுக்காகக் கொஞ்ச நாளு ஒதவுனாரு. அவரு எதுக்கு எனக்குன்னு காலமெல்லாம் வரணும்?"

அவள் வாயிலிருந்து ஒரு மனிதரைப் பற்றி 'அவரு யாரோ' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரலில் நடுக்கம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தீர்ப்பு வந்தது. அவள் வாடகைப் பயணிதான், இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. எலும்பு முறிந்ததற்கு இழப்பீடு உண்டு. கால் போனதற்கு இல்லை. அது அவள் அலட்சியத்தால் போன கால். கிடைத்ததில் சில வருஷத்துச் சோறு வரும், செயற்கைக் காலுக்குப் பற்றாது. மேல்முறையீடு செய்யலாம் என்றார் மாதவி. ராக்கம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

வெளியே வந்ததும் மாதவி புவனேஸ்வரனைப் பார்த்து, "இனிமே பேசலாம், ஒண்ணும் இல்ல," என்றார்.

அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பேசலாம் என்றதும் என்ன பேசுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

"சாப்டியா அக்கா?"

"ஆச்சுங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். பழையபடி வம்புக்கு இழுக்கிறாள் என்று நினைத்திருப்பான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு போனை எடுத்து, எங்களுக்காகக் கார் கூப்பிட்டான். அவனிடம் இப்போது கார் இல்லை. செனாவாங்கில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான்.

வந்த ஓட்டுநர் இளவயசுத் தமிழ்ப் பையன்தான். இறங்கி வந்து, நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தான். புவனேஸ்வரன் ராக்கம்மாவைத் தூக்கிப் பின் இருக்கையில் உட்காரவைத்தான். அவள் அவன் கழுத்தைப் பிடிக்கவில்லை, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு ப்ரோ, ஒங்க அக்காவா?" என்றான் ஓட்டுநர்.

புவனேஸ்வரன் வாயைத் திறந்தான். அதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது.

"பாசெஞ்சர்."

நான் முன்னால் ஏறிக்கொண்டேன். கார் லாபு பக்கம் திரும்பியது. செம்பனை தொடங்கும் வளைவில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கழுத்தை நீட்டிச் சாலையைப் பார்த்தான். அதற்கு மேல் உள்ளே வராது என்றான்.