வேலைக்குச் சேர்ந்த தேதி

மக்வாலா சிப்பிச்சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்தபோது, லொரெடானா "மனித கண்ணியம்" என்ற சொல்லை இரண்டு கையாலும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சட்டி அடுப்பிலிருந்து நேராக வந்தது. கையை மடக்கினாளே தவிர, வாயை மடக்கவில்லை.

"லட்சக்கணக்கான பேரு இந்த நாட்டுல நிழல் மாதிரி வாழறாங்க சவேரியோ. அவங்களுக்கு ஒரு காகிதம் குடுக்கறதுக்கு இத்தனை இழுபறி. வெக்கமா இல்ல?"

"எனக்கெதுக்கு வெக்கம்?" அவள் கணவன் சவேரியோ சட்டியின் ஓரத்தில் முறுகியிருந்த உருளைக்கிழங்கை முதலில் தன் தட்டுக்குத் தள்ளிக்கொண்டான். "பொதுமன்னிப்பாம்! வரிசையில நின்னு வந்தவன் முட்டாள், பின்வாசல்ல நுழைஞ்சவனுக்குப் பரிசு. நான் கடை வாசல்ல ஒரு பெஞ்சு போட்டா அபராதம் போடறான். என்னை எவன் மன்னிச்சான்?"

"உன் கடையில விளக்கு மாட்டற ரெண்டு பசங்க எந்த வாசல் வழியா வந்தாங்களாம்?"

"அது வேற."

சவேரியோவின் அரசியலில் பாதி இந்த "அது வேற"தான். மீதிப் பாதி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் இரண்டு பேர் இதே மன்னிப்பைப் பற்றிக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பாரி நகரத்தில் ஆகஸ்டு மாதம் எந்த வீட்டுக்கும் சுவர் கிடையாது. ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும். நாலாம் மாடிச் சண்டைக்கு உப்புக் குறைச்சலா, காரம் கூடுதலா என்று மூன்றாம் மாடிக் கோசிமா தன் சாப்பாட்டு மேஜையிலிருந்தே சொல்லிவிடுவாள். அன்றும் அவள் முள்கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டுக் காதை நிமிர்த்தியிருந்தாள். ஆகஸ்டு ஒன்பது, ஞாயிறு. மறுநாள் ஊரே கடலுக்குப் போகும்.

மக்வாலா சக்கர நாற்காலியின் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவர் கத்தால்தோவுக்குச் சோற்றை மசித்தாள். எண்பத்தாறு வயது. லொரெடானாவின் அப்பா. பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிச்சம் விட்டது "ஆமா", "இல்ல" என்ற இரண்டு சொல்லும், புனிதர்களை இழுத்துத் திட்டும் ஒரு வசவும். வசவு மட்டும் சுத்தமாக வரும். ஜார்ஜியாவிலிருந்து வந்த மக்வாலாதான் ஐந்து வருஷமாய் அவரைத் தூக்கி, கழுவி, இடது கையில் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள்.

நேற்றிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை அவள் எடுத்தாள்.

"சிஞ்ஞோரா, மன்னிப்பு மனு பதினஞ்சாந்தேதியோட முடியுதாம். முதலாளி போடவேண்டிய அந்தக் கையெழுத்து..."

சவேரியோ தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தான். காலையிலிருந்து யார் கேட்டும் குறைக்காதவன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் முன்புவரை எதிரெதிர்க் கட்சி, இப்போது கூட்டணி.

"கண்ணு, நாங்க மாட்டோம்னு சொல்லுவமா?" என்றாள் லொரெடானா. பண்பாட்டு வட்டத்துக் கூட்டங்களில் அகதிகளைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே குரல். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அச்சடித்து, மடித்து, தயாராக இருந்தது. "இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடு. ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான்."

மக்வாலா மெதுவாகப் படித்தாள். இந்த வருஷம் ஜூன் ஒன்றாம் தேதிதான் இந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததாகவும், அதற்கு முன்னால் இந்தக் குடும்பத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லையென்றும், இனி எந்த உரிமையும் கோரப்போவதில்லை என்றும் தாள் சொன்னது. அழகான தாள். ஒரு பிழை கிடையாது. லொரெடானா பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பிக்கிறவள்.

"அப்ப, அஞ்சு வருஷமா நான் எங்க இருந்தேன்?"

"யாராவது சிநேகிதி வீட்டுல," என்றான் சவேரியோ. "பாரியில உனக்கு ஒரு சிநேகிதிகூடவா இல்ல?"

"மார்ச்சுக்கு முன்னாடியே இந்த நாட்டுல இருந்ததுக்கு அரசாங்கச் சீட்டு கேக்கறாங்க ஐயா. எங்கிட்ட அந்த அபராதச் சீட்டு ஒண்ணுதான் இருக்கு."

அந்தச் சீட்டின் புண்ணியம் கோசிமாவைச் சேரும். போன வருஷம் மக்வாலா பால்கனியில் மேஜைத்துணியை உதறியதில் ரொட்டித்தூள் கோசிமாவின் காயப்போட்ட விரிப்புகள்மேல் விழுந்தது. கோசிமா நகராட்சிக் காவலருக்கே போன் போட்டுவிட்டாள். வந்தவர் கடவுச்சீட்டைப் பார்த்துப் பேரையும், வேலை செய்கிற வீட்டையும் விலாசத்தோடு எழுதி அபராதம் போட்டார். விசா எங்கே என்று கேட்கவில்லை. அவருக்குச் சாப்பாட்டு நேரம். மக்வாலாவை நாட்டைவிட்டே கிளப்பலாம் என்று பார்த்த கோசிமா, அவள் இந்த நாட்டில் இருக்கிறாள் என்பதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சியை உண்டாக்கிக் கொடுத்துவிட்டாள்.

"அது வேண்டாம்," என்றான் சவேரியோ. "அதுல எங்க விலாசம் இருக்கு. உனக்கு அஞ்சு வருஷத்துக்குத் தொழிலாளர் காப்பீடு கட்டலன்னு நாளைக்கு வந்து நிப்பான். வேற ஏதாவது கொண்டா. ஆஸ்பத்திரிச் சீட்டு?"

"எனக்கு நோயே வரலையே."

"பஸ்ல டிக்கெட் இல்லாம மாட்டினது?"

"டிக்கெட் வாங்காம ஏறினதே இல்ல ஐயா."

"பாத்தியா?" சவேரியோ மனைவியிடம் திரும்பினான். "ஒழுங்கா இருந்து தொலைச்சிருக்கா!"

பெரியவர் தொண்டையைச் செருமினார். யாரும் திரும்பவில்லை.

"நல்லா யோசி," என்றாள் லொரெடானா. "காலையில போட்டுக் குடுத்தா கடற்கரையிலேருந்தே எல்லாத்தையும் அனுப்பிடறேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். எனக்கு வேற யாருமேல இவ்வளவு பாசம்?"

"இல்லன்னா செப்டம்பர்ல வேற லினாவைப் பாக்க வேண்டியதுதான்," என்றான் சவேரியோ, பாசத்துக்கு ஒரு வாலைச் சேர்த்து.

லினா என்பது மக்வாலாவின் பேர் இல்லை. முதன்முதலில் பெரியவரின் மனைவியைப் பார்த்துக்கொள்ள வந்த ருமேனியாக்காரிக்குத்தான் லினா என்று பேர். அவள் போனபின் வந்த உக்ரேன்காரியும் லினா, அதற்குப் பின் வந்தவளும் லினா. புதுப் பேர் பழகுவது குடும்பத்துக்குச் சிரமம்.

மறுநாள் காலை மக்வாலா, கண்ணாடியைக் காணவில்லை, முழுசாய்ப் படிக்கவில்லை என்றாள். கண்ணாடி மூக்கின்மேலேயே இருந்தது. பெட்டி தூக்குகிற அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. "பிரிட்ஜ்ல காந்தம் வச்சு மாட்டியிருக்கேன். கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பு!" என்று மாடிப்படியிலிருந்து கத்திவிட்டு லொரெடானா போனாள்.

மாலையில் பூங்கா பெஞ்சில் மக்வாலா அந்தத் தாளை நானூலியிடம் காட்டினாள். நானூலியும் ஜார்ஜியாக்காரி, அடுத்த தெருவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறவள். டிக்கெட் இல்லாமல் மூன்று தடவை மாட்டியவள், அதனால் மூன்று சாட்சி வைத்திருப்பவள். அவள் தாளைப் படிக்காமலே சிரித்தாள்.

"எனக்கும் இதேதான்டி. ஒரு எழுத்துப் பிசகல. உன் முதலாளியம்மாதான் எழுதி எல்லாருக்கும் அனுப்பினாளாம். அவங்க வட்டத்துல அத்தனை பேரும் வச்சிருக்காங்க."

"போட்டுடலாமா நானூலி? அம்மாவுக்குத் தொண்ணூறு ஆச்சு. நேத்துகூட போன்ல, 'நீ வர்ற தேதியச் சொல்லு, அதுக்குத் தக்கபடி சாவறேன்'ங்கறா. அப்பாவை சவப்பெட்டியில வச்சு போட்டோ எடுத்து அனுப்பினாங்க. இன்னொரு போட்டோவை நான் தாங்க மாட்டேன். காகிதம் இல்லாமப் போனா திரும்ப வர முடியாது. பொய்யா இருந்தாலும், ஒரு கையெழுத்துத்தானே?"

"போடு. நாளைக்கு அதிகாரி, மார்ச்சுல எங்க இருந்தேன்னு கேட்டா, அபராதச் சீட்டை நீட்டுவே. அதுல இவங்க வீடு. தாள்ல, ஜூனுக்கு முன்னாடி இவங்க யாருன்னே தெரியாது. பொய் சொன்னவ யாரு? நீதான். மூட்டை கட்டறது யாரு? நீதான். பிள்ளைங்களுக்கு வரலாறு சொல்லித் தர்றவளுக்கு இது தெரியாதா?"

மக்வாலா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். எதிரே இரண்டு சக்கர நாற்காலிகள், இரண்டிலும் வாய் திறந்த தூக்கம். பூங்காவே அப்படித்தான் இருந்தது. பிள்ளைகளெல்லாம் கடலில்; கிழடுகளும் அவர்களைத் தள்ளுகிறவர்களும் ஊரில். வருஷா வருஷம் இதே கதை.

"ஆமா, நீ யாருக்குடி வேலை செய்யறே? மகளுக்கா, அப்பனுக்கா?" என்றாள் நானூலி.

"இதென்ன கேள்வி? அவருக்குத்தான்."

"அவருக்கு வாயிலதான் வாதம், புத்தியில இல்லையே. அப்புறம் மகளோட கையெழுத்து எதுக்கு? கையெழுத்துப் போடவேண்டியவங்களை எல்லாம் நம்மகிட்ட விட்டுட்டு இல்ல குளிக்கப் போயிருக்காங்க!"

வீட்டுக்கு வந்ததும் மக்வாலா பெரியவரின் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழுக்கச் சொன்னாள். மகளுக்குத் தெரியாமல் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்குப் போகிறோம் என்பதையும் மறைக்கவில்லை.

"எனக்காகக் கையெழுத்துப் போடுவீங்களா கத்தால்தோ ஐயா?"

"ஆமா."

சில நாள் அவருக்கு "இல்ல" என்பதே "ஆமா" என்று வந்துவிடும். அதனால் அவள் இன்னொரு தடவை கேட்டாள். பெரியவர் கரண்டியால் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்து, சுத்தமாக வருகிற அந்த வசவை எடுத்துவிட்டார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை காலை, ஒன்பது மணிக்கே தார் இளகுகிற வெயிலில், அந்தத் தாள் போன வீடுகளிலிருந்து கிளம்பிய ஏழு சக்கர நாற்காலிகள் தெருவில் வரிசையாகப் போயின. புனிதர் ஊர்வலம் போல இருந்தது. வாத்தியக் கோஷ்டி மட்டும்தான் இல்லை. தள்ளுகிற ஏழு பேருக்கும் முகக்கவசம் மூக்குவரை, உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் தாடைக்குக் கீழே. ஒரு கிழவி கையசைத்துக்கொண்டே போனாள்.

கோசிமா ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் எண்ணினாள். ஏழு. இரண்டு தடவை எண்ணியும் ஏழு. "இவளுங்களை எல்லாம் கப்பலேத்தி அனுப்பணும்" என்று மூன்று மாசமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவள், தொலைபேசியை எடுத்து லொரெடானாவின் எண்ணை அழுத்தினாள். மனித உரிமைக்காரியோடு அவள் பேசிப் பல வருஷம் ஆகிறது. "உங்கப்பாவை எங்கயோ கடத்திட்டுப் போறாளுங்கம்மா," என்று ஆரம்பித்தாள்.

தொழிலாளர் சங்கத்தின் உதவி அலுவலகம் வெள்ளிக்கிழமையிலிருந்து விடுமுறை. மேஜையில் இருந்த பெண் கழுத்தில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, வாசலை அடைத்து நின்ற சக்கரங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் எழுந்தே நின்றுவிட்டாள். அப்புறம் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். அபராதச் சீட்டைக் கையில் வாங்கியதும் அவள் முகம் மலர்ந்தது.

"தங்கம் இது! பேரு, தேதி, முத்திரை, எல்லாம் இருக்கு. யாரு போட்டாங்களோ, அவங்க கைக்கு முத்தம் குடுக்கணும்."

பெரியவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். மணலில் நண்டு நடந்தது போல இருந்தது. ஆனால் நடந்தது அவர்தான், யாரும் கையைப் பிடிக்கவில்லை.

"எப்பத்துலேருந்து வேலை?" என்று கேட்டாள் மேஜைப் பெண், விரல்களைக் கணினிமேல் நிறுத்தி. "பழைய வேலைன்னா தேதி வேணும். புதுசுன்னா சுளுவா முடியும். நிறையப் பேரு ஜூன்னுதான் போடறாங்க."

அப்போதுதான் மக்வாலாவின் தொலைபேசி அடித்தது. அவள் எடுத்தாள். மேஜைவரை கேட்டது லொரெடானாவின் குரல்.

"லினா! என்ன பண்ணிட்டிருக்கே? லினா!"

"லினா யாரு?" என்றாள் மேஜைப் பெண்.

"எனக்கு முன்னாடி வேலையில இருந்தவங்க," என்றாள் மக்வாலா.

"லினா, கேளு. போனது போகட்டும், திட்டமாட்டேன். ஜூன்னு போடு. கெஞ்சிக் கேக்கறேன். உங்களுக்காக ஊர் ஊராப் பேசினவ நான். என்னையே குற்றவாளி ஆக்கிடுவியா? அப்பாவோட பேருல வழக்கு வந்தா?"

மக்வாலா பெரியவரைப் பார்த்தாள். தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கி மேஜைப் பெண்ணிடம் கேட்டாள். "உண்மையான தேதியைச் சொன்னா இவருக்கு ஏதாவது ஆகுமா? இவங்க பொண்ணு குற்றவாளி ஆயிடுவாங்களா?"

"எதுக்கு ஆகணும்?" மேஜைப் பெண் வாயைத் திறந்து சிரித்தாள். "காப்பீட்டு பாக்கி கொஞ்சம் கட்டணும், அவ்வளவுதான். மன்னிப்பு உனக்கு மட்டும்னா நெனச்சே? முதலாளிக்கும் சேத்துத்தாம்மா. திருட்டுத்தனமா வேலைக்கு வச்சிருந்ததை ஒத்துக்கிட்டா அந்தக் குற்றமும் கழிஞ்சுது. சட்டத்துலயே இருக்கு. யாரும் படிக்கறதில்ல."

தொலைபேசியில் கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. வசந்தகாலம் முழுக்க, சாப்பாட்டு மேஜையிலும் மேடையிலும் தொலைக்காட்சியிலும், மன்னிக்கலாமா கூடாதா என்று நாடே தொண்டை கிழியக் கத்தியிருந்தது. மன்னிப்புப் பட்டியலில் தங்கள் பேரும் இருக்கும் என்று மட்டும் லொரெடானாவின் சாப்பாட்டு மேஜையில் யாருக்கும் தோன்றவில்லை.

"ஓ," என்றது லொரெடானாவின் குரல் கடைசியில். கொஞ்சம் தெளிந்திருந்தது. "அப்ப... எங்களை மன்னிச்சுடுவாங்கன்னா, சரி. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. நீயும் மனசுல ஒண்ணும் வச்சுக்காத, என்ன?"

"அரசாங்கம் மன்னிச்சா மன்னிக்கட்டும் சிஞ்ஞோரா," என்றாள் மக்வாலா. "அது அதோட இஷ்டம்."

தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். அங்கே கிடந்த ஒரு முக்காலியை மேஜைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, அக்டோபர் அஞ்சு. திங்கக்கிழமை. காலையில எட்டு மணி."

"மணியெல்லாம் வேண்டாம்மா," என்றாள் மேஜைப் பெண், தட்டிக்கொண்டே.

அவளுக்குப் பின்னால் நானூலி, தன் கிழவியின் காதுப் பக்கம் குனிந்தாள். "ஞாபகம் வச்சுக்கங்க. நம்மளுது ரெண்டாயிரத்துப் பதிமூணு, பிப்ரவரி. ஜூன்னு யாராவது சொன்னா, இல்லன்னு சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க?"

"இல்ல," என்றாள் கிழவி, அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி.