மூன்று தரம் வாசித்த பெயர்

தம்பி வந்து கதவைத் தட்டியபோது அவள் தையல் இயந்திர மேஜையின் மேலேயே காகிதத்தைப் பரப்பி, பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வரி நகரவில்லை. அப்பாவின் நூற்றாண்டுக்குக் குடும்பம் போடும் சிறு புத்தகத்துக்கு அவள்தான் வரலாறு எழுதித் தரவேண்டும். போர்ச் சிப்பாய் போதகரான கதை. எல்லோருக்கும் மனப்பாடம்தான்: பதுங்குகுழிக்குள் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தார், உயிரோடு திரும்பியதும் அங்கி போட்டுக்கொண்டார். சித்தப்பா இருந்தவரை இதை ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லுவார். சொல்லச் சொல்லக் குண்டுகள் கூடிக்கொண்டே போகும்.

"எத்தனை பக்கம் ஆச்சு?" என்றான் தம்பி. பேருந்துப் பணிமனையிலிருந்து நேரே வந்திருந்தான், நகக்கண்களில் கிரீஸ்.

அவள் ஒரு சிறு குறிப்பேட்டை நீட்டினாள். அப்பாவின் அங்கியைப் பிரித்துச் சீர் செய்யலாமென்று எடுத்தபோது உள்பையில் கிடைத்தது. நின்றபடியே படிக்க ஆரம்பித்தவன் பாதியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

போரில் அப்பாவின் வேலை சுடுவதல்ல, புதைப்பது. ஒரு மழை நாளில் முகம் சிதைந்த இருவரின் பெயர் பொறித்த கழுத்துத் தகடுகளைச் சேறு கழுவக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டும்போது மாறிவிட்டன. அவர்களில் ஒருவனுக்குச் சுண்டுவிரல் கிடையாது என்று மறுநாள் கூட்டாளி ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான், எந்தப் பெயரை எந்தக் கையோடு புதைத்தோம் என்பது அவருக்கு உறைத்தது. அதற்குள் படை நகர்ந்துவிட்டது. இரண்டு பெயர்களும் கடைசிப் பக்கத்தில் இருந்தன.

போதகரானபின் அடக்க ஆராதனைகளில் பெட்டியை இறக்குமுன் அப்பா பெயரை மூன்று தரம் வாசிப்பார். ஒவ்வொரு தரமும் வீட்டாரை நிமிர்ந்து பார்த்து, "சரிதானே?" என்பார். வெயிலில் ஜனங்கள் கால் மாற்றி நிற்பார்கள். ஊரில் அவருக்கு 'சரிதானே ஐயா' என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்தவர்களோடு இவர்கள் இருவரும் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

"இதையா புத்தகத்துல போடப் போற?"

"புத்தகம் கெடக்கட்டும். அந்த ரெண்டு வீட்டுக்கும் எழுதப் போறேன். ராணுவ அலுவலகத்துல கேட்டேன், கடிதத்தக் குடுத்தா அவங்களே சேத்துடுவாங்களாம்."

"உனக்கென்ன பைத்தியமாக்கா? நிம்மதியா இருக்கறவங்க வீட்டுல போய்க் கல்லெறியணுமா? அப்பா பேரு என்னாகும்?"

"அவங்க வேற யாரோ கல்லறையில பூ வெச்சிட்டு வர்றாங்கடா."

"யாரோ ஒருத்தருக்குப் பூ கெடச்சுதுல்ல? அது வீணா?"

அவள் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டு நின்றது.

"அப்பாவ அடக்கம் பண்ணப்போ புதுப் போதகர் ஒரு தரம்தான் வாசிச்சாரு. 'நிறுத்துங்க'ன்னு கத்துனது யாரு?" என்றாள்.

அவன் குறிப்பேட்டை மூடினான்.

"மீதி ரெண்டு தரத்தையும் நீதானே வாசிச்ச. என்னடா தோணுச்சு அப்போ?"

"தெரியலக்கா." உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். "வாசிக்காம விட்டா, அப்பாவுக்குப் பதிலா வேற யாரையோ உள்ள விடற மாதிரி இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்ததுபோல இருந்தது. எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எழுது. ஆனா அப்பா வேணும்னு செய்யலங்கறத மொதல்ல எழுதாத. அவங்க ஆளு எங்க இருக்காருங்கறத மொதல்ல எழுது."

பேனா இப்போது தயங்கவில்லை. ஜன்னல் வெயில் மேஜை விளிம்புக்கு நகர்வதற்குள் இரண்டு கடிதங்களும் முடிந்தன. முதல் உறையின் மேல் அவள் அந்தச் சிப்பாயின் பெயரை எழுதியதும் தம்பி குறிப்பேட்டைத் திறந்து, விரல் வைத்து, சத்தமாக வாசித்தான். நிமிர்ந்து பார்த்தான். மறுபடி வாசித்தான். மூன்றாம் தரம் கேட்டபோது, அது அவளுக்கு வீட்டுக்கு வந்துபோகும் ஒருவருடைய பெயர்போல் ஆகியிருந்தது.

"சரிதானே?"

"சரிதான்டா."

அவன் இரண்டாவது உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.