ஐஸுக்குத் தைத்த உறை

பஸ் டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர். அவர் பிரேக் போட்டால், நின்றுகொண்டு வரும் பயணியின் கையிலிருக்கும் தேநீர்கூடச் சிந்தாது என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்குள் மட்டும் இரண்டு வருடமாக ஆடிப்போயிருந்தார்.

சர்க்கரை வியாதி பழைய கதை. அதன்மேல் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று அதை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் ஆண்மை போனது. மாத்திரை, ஊசி என்று எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாமே கிணற்றில் போட்ட கல்தான். ஒரு நாள் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைச் சோபாவுக்குப் போய்விட்டார். “விடியக்காலை ஷிப்ட், உன் தூக்கம் கெடும்” என்று காரணம் சொன்னார். மதிய ஷிப்ட் வந்தபோதும் தலையணை திரும்பி வரவில்லை.

அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். ஜன்னலோரம் தையல் மெஷின், சுற்றிலும் துணி மலை. ஒரு நாள் மதியம், வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு அவள் பேசினாள்.

“இந்த சோபாவுக்கு உறை மாத்தணும். ஒருத்தர் படுத்துப் படுத்து நடுவுல குழி விழுந்துடுச்சு.”

அவர் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

“என்னங்க, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. நீங்க என் பக்கத்துல படுக்கணும். மத்தது நடந்தா சந்தோஷம், நடக்கலன்னா குடி ஒண்ணும் முழுகிப் போயிடாது. ஆனா திருட்டு ஆள் மாதிரி சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுக்காதீங்க. அதுதான் எனக்குத் தாங்கல.”

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நேரே மருத்துவரிடம் போனார். இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார் மருத்துவர். ஆணுறுப்புக்குள் இரண்டு குழல்கள் வைப்பார்கள், வயிற்றுக்குள் உப்புத்தண்ணீர் நிரம்பிய சின்னப் பை ஒன்று, விதைப்பைக்குள் ஒரு பம்ப். பம்ப்பை அழுத்தினால் தண்ணீர் குழலுக்குள் ஏறும், பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால் இறங்கிவிடும்.

“பஸ் கதவு மாதிரின்னு சொல்லுங்க” என்றார் நிதானம்.

மருத்துவர் சிரித்துவிட்டார். “அதேதான். அங்க காத்து, இங்க தண்ணி.”

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது, கட்டைக் குரல் நர்ஸ் ஒருத்தி இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். கூச்சம் என்ற சொல்லையே கேள்விப்படாதவள் போலப் பேசினாள்.

“வீக்கம் வரும், கன்னிப்போய் நீலமா இருக்கும், பயப்படாதீங்க. முதல் மூணு நாள் ஐஸ். துணி சுத்தாம வைக்கவே கூடாது. இருபது நிமிஷம் வைக்கணும், அப்புறம் எடுத்துட்டு ஒரு மணி நேரம் சும்மா விடணும். ஐயாவுக்கு சர்க்கரை இருக்கு, தோல்ல உணர்ச்சி கம்மி. அதிகமா குளிர்ந்து தோல் செத்தாக்கூட அவருக்குத் தெரியாது. அதனால அவரைக் கேக்காதீங்கம்மா, கண்ணால பாருங்க. சூடு மட்டும் இப்போ வேணவே வேணாம். ரத்தம் ஓடி வந்து வீக்கம் ஏறிடும். எப்போ வெந்நீர்னு டாக்டர் சொல்லுவார்.”

மனைவி ஒரு வார்த்தைகூடத் தவறவிடாமல் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மருந்துக்கடை ஐஸ் பையைக் கையில் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “இது செங்கல் மாதிரி இருக்கு. உக்கார வேண்டிய இடத்துல உக்காராது.” உறையவைத்த பட்டாணிப் பொட்டலங்கள் நான்கு வாங்கி வந்தாள். பட்டாணி என்றால் உடம்பின் வளைவுக்கு ஏற்ப வளையும். பழைய ஃபிளானல் சட்டையைக் கிழித்து, இரண்டு மடிப்பாக, ஒரு பக்கம் திறந்த உறை தைத்தாள். அடியில் கொடுக்க ஒரு துவாலையைச் சுருட்டி, பிரியாமல் நாலு தையலும் போட்டாள். கட்டிலில் படுத்தபடி மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நிதானம், தன் உடம்பில் தான் மிகவும் வெட்கப்படும் இடத்துக்கு ஒருத்தி அளவெடுத்துத் தைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

உறையை முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பாள். சுள்ளென்று இருந்தால் இன்னொரு மடிப்புத் துணி. பிறகுதான் அவருக்கு. கடிகாரத்தில் இருபது நிமிடம் மணி வைப்பாள். எடுத்ததும் போர்வையை விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தோலின் நிறம் பார்ப்பாள், புதுத்துணியில் சாயம் ஓடியிருக்கிறதா என்று பார்க்கிற அதே கண்ணால். முதல் நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் திருப்பவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஒரு பள்ளிக்கூடத்து மேடைத் திரையைக் கொடுத்துவிட்டு வர அவள் போகவேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவாள். அதுவரை பார்த்துக்கொள்ளத் தன் தம்பியை வரச்சொல்லியிருந்தாள். தம்பி கால்பந்துக் குழு ஒன்றுக்கு உடம்பு பிடித்துவிடுகிறவன். ஐம்பது வயது, பெரிய கை, அதைவிடப் பெரிய வாய். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அத்தானுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்பதுதான். அப்படிச் சொல்லச் சொன்னது நிதானம். அவளுக்கு அதில் சம்மதமில்லை, ஆனாலும் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டாள்.

“என்ன அத்தான், மூஞ்சி இப்படிச் சுருங்கியிருக்கு? வலியா?”

“கொஞ்சம் விண்ணுவிண்ணுன்னு இருக்கு மாப்ளே.”

“அக்கா ஐஸைப் போட்டுப் போட்டு விறைக்க வச்சிருப்பா. மூணாம் நாள் வலிக்கு வெந்நீர்தான் அத்தான். என் பசங்களுக்கு நான் பண்றதில்லையா?” சமையலறையில் போய்த் தேடி, ரப்பர்ப் பையில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு வந்தான். “அடிவயித்துல வச்சு நல்லாக் கீழ வரைக்கும் இறக்கிக்குங்க. நான் திரும்பிக்கிறேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தார். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? குடலிறக்கம் என்று சொன்ன பொய் இப்போது தொண்டைக்குக் குறுக்கே நின்றது. பையை வாங்கி வைத்துக்கொண்டார். சூடு உறைக்கவே இல்லை, இதமாகத்தான் இருந்தது. மச்சினன் சொன்ன கால்பந்துக் கதைகளைக் கேட்டபடி அரைமணி நேரம் போனது.

மனைவி திரும்பி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது கட்டிலோரம் கிடந்த ரப்பர்ப் பை. அவள் கத்தவில்லை. தம்பியை முன்னறைக்கு அனுப்பிவிட்டுப் போர்வையை விலக்கினாள். காலையில் வடிந்திருந்த வீக்கம் கத்தரிக்காய் போலப் பளபளவென்று நின்றது.

உடனே நர்ஸுக்குப் போன் செய்தாள். காய்ச்சல் உண்டா, தையலில் கசிவு உண்டா, தோல் கொப்பளித்திருக்கிறதா என்று நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை. “அப்போ திரும்ப ஐஸ் ஆரம்பிங்க. துவாலையை அடியில கொடுத்துத் தூக்கி வைங்க. இன்னும் பெருசாச்சுன்னா நிமிஷம் தாமதிக்காம கூட்டிட்டு வாங்க. ஆனா பெருசாகுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் மனைவி. “டேப் இருக்கு.”

திரை அளக்கும் டேப்பைச் சோப்புப் போட்டுத் துடைத்து, மெல்லிய துணிக்கு மேலே சுற்றி அளந்தாள். துணி வெட்டும் மாதிரிக் காகிதத்தின் ஓரத்தில் மணியும் அளவும் எழுதிவைத்தாள். ஐஸ் வைத்து எடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தாள். நிதானம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை, கையில் நடுக்கமில்லை. பிரேக் பிடிக்காத பஸ்ஸை இறக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும் ஓட்டுநர்கள் சிலரை அவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு முகம் இருந்ததில்லை.

“அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வேணாம்னு. வெக்கப்பட்டேன்” என்றார்.

“தெரியும்.”

“அவனைக் கூப்பிடு.”

மச்சினன் குற்றவாளிபோல வாசற்படியில் வந்து நின்றான். “மாப்ளே, எனக்குக் குடலிறக்கம் இல்ல” என்று தொடங்கினார். எல்லாவற்றையும் சொன்னார், சோபாவையும் சேர்த்து. சொல்லச் சொல்ல, இரண்டு வருடமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போவது தெரிந்தது. கேலி செய்வான் என்று எதிர்பார்த்தார். அவனோ குனிந்து ரப்பர்ப் பையை எடுத்தான். “எனக்குத் தெரியாது அத்தான். தெரிஞ்சிருந்தா கையை வெட்டிக்கிட்டிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய் இன்னும் ஆறு பொட்டலம் பட்டாணி வாங்கி வந்து வைத்தான்.

மாலை நான்கு மணிக்கு அளவு ஏறாமல் நின்றது. ஆறு மணிக்கு ஒரு விரற்கடை குறைந்திருந்தது. போனில் நர்ஸுக்கு அளவுகளை அவள் வரிசையாக வாசித்தாள். கட்டைக் குரல் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டது. “அம்மா, பதினஞ்சு வருஷமா இந்த வார்டுல இருக்கேன். ‘கொஞ்சம் வீங்கியிருக்கு, ரொம்ப வீங்கியிருக்கு’ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. டேப் வச்சு அளவு சொன்னது நீங்க ஒருத்தர்தான்.” ஐஸை இன்னும் இரண்டு நாள் நீட்டிக்கச் சொன்னாள்.

மூன்றாவது வாரம் மருத்துவர் பார்த்து, புண் நன்றாக மூடிவிட்டது, இனி வெந்நீரில் உட்காரலாம் என்றார். வெந்நீர் சதையைத் தளர்த்தும், அப்போதுதான் பம்ப் கைக்குச் சுலபமாக அகப்படும் என்றார். மனைவி அகலமான பிளாஸ்டிக் தொட்டி வாங்கினாள். இப்போது கூடுதல் கவனம், ஏனென்றால் அவருக்குச் சூடு உறைக்காது என்பதை ரப்பர்ப் பை காட்டிக்கொடுத்துவிட்டது. தன் முழங்கையை முக்கி, பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் வந்த பிறகே அவரை உள்ளே விடுவாள். தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் ஏதாவது ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள். பதினைந்து நிமிடம் இருவரும் பேசுவார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை.

“அகப்பட்டுச்சா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“எது?”

“ம், வண்டிச் சாவி.”

அவருக்கு அடக்கமுடியாத சிரிப்பு வந்து, தண்ணீர் தொட்டி விளிம்பைத் தாண்டித் தெறித்தது.

ஆறாவது வாரம் கட்டைக் குரல் நர்ஸ் அவர்கள் இருவருக்கும் பம்ப்பைப் பழக்கிக்கொடுத்தாள். முதல் தடவை அவர் பொத்தானையே பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். “அது இறக்குறது ஐயா, ஏத்துறது கீழ” என்றாள். மனைவிதான் முதலில் சரியாகக் கண்டுபிடித்தாள். அவள் விரல்களுக்கு எதுவும் சீக்கிரம் வசப்படும் என்பதை அவர் பெருமையோடு நர்ஸிடம் சொல்ல, மனைவி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். புண் ஆறியதும் பழக்கத்தில் சோபாவுக்கே போயிருந்த தலையணை அன்றைக்கே கட்டிலுக்குத் திரும்பியது.

அடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெந்நீரில் உட்கார்ந்து எழுந்தவர் அறைக்குள் வந்தபோது அவள் மெஷினை மூடிவிட்டு வந்திருந்தாள். ஜன்னலுக்குத் தானே தைத்த திரையை இழுத்துவிட்டாள். ஒருவருக்கும் அவசரமில்லை. இடையில் ஒருமுறை பம்ப் வழுக்கியது, இருவரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் துடைக்கவில்லை, வழியவிட்டாள்.

வாசல்மணி அடித்தது. இரண்டு தடவை, பிறகு மூன்றாம் தடவை.

“தம்பியா இருக்கும்” என்றாள் அவள், எழுந்திருக்காமல்.

“இருக்கட்டும்” என்றார் அவர்.

காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது.

மறுநாள் காலை மச்சினன் போன் செய்தான். “நேத்து வந்தேன் அத்தான். வீட்ல யாரும் இல்ல போல.”

“ஆமா மாப்ளே. வெளிய போயிருந்தோம்.”

“வெறுங்காலோடவா? செருப்பு ரெண்டு ஜோடியும் வாசல்லயே கிடந்துச்சே.”

மறுமுனையில் பெரிதாக ஒரு சிரிப்பு வெடித்தது, பிறகு அது மெல்ல அடங்கியது. லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“அத்தான்” என்றான் மச்சினன். அந்தப் பெரிய வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரலை அவர் கேட்டதே இல்லை. “எனக்கும் சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆச்சு. அந்த டாக்டர் நம்பர் கொஞ்சம் கொடுக்குறீங்களா?”

நிதானம் நம்பரைச் சொன்னார். அவன் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

“மாப்ளே, தனியாப் போகாதே. முதல்ல வீட்ல சொல்லிடு. அப்புறம் எந்த நாள்னு சொல்லு, நான் ஷிப்ட் மாத்திக்கிட்டு வர்றேன்.”