ரத்தத்தில் ஒன்றுமில்லை

என் புருஷன் தினகரனை அவன் இவன் என்றுதான் சொல்லப் போகிறேன். மரியாதையெல்லாம் போன ஆடி மாதத்தோடு போய்விட்டது.

எங்களுடையது கோர்வைத் தறி. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். வலப்பக்கத்துக் கரைக்கு, குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாக்கட்டையைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். வெளியாள் எதற்கு, மகள் இருக்கும்போது? பத்து வயது ஜோதிகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

சித்திரையில் அவளுக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தது. பிறகு முட்டிகள் மாறி மாறி வீங்கி, தானாகவே வடிந்தன. நானும் சூடு என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவினேன்.

ஆடியில் கை துள்ள ஆரம்பித்தது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் கன்னத்தில் இடிக்கும். முகம் தானாகக் கோணும். தறியில் நாடா கைநழுவி, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் விழும், பட்டிழை அறுந்துபோகும். இழை அறுந்தால் அப்பனிடம் ஓர் அறை.

தெருமுனை டாக்டர் முட்டி வீங்கிய கதையைக் கேட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனை எழுதினார். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று இரண்டு, உடம்புக்குள் அழற்சி இருந்தால் ஏறிக் காட்டுமாம். முடிவு எதுவானாலும் பிள்ளையோடு வந்து பார்க்கச் சொன்னார். முடிவை வாங்க லேபுக்குப் போனவன் தினகரன். இரண்டும் நார்மல் என்று அங்கே சொன்னதைக் கேட்டவன் டாக்டரிடம் போகவில்லை, நேராக வீட்டுக்கு வந்தான்.

"ரத்தத்துல ஒண்ணுமில்லியாம். நடிச்சிக்கினு இருக்குது உன் பொண்ணு."

"நடிக்கலைப்பா. கை தானா போவுது" என்றாள் ஜோதிகா.

"உக்காரு. போடு நாடாவ."

உட்கார்ந்தாள். கை துள்ளியது. நாடாவின் கூர்முனை பாவைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு கொத்து இழை அறுந்து சுருண்டது.

அவன் அந்த நாடாவைப் பிடுங்கி அவள் முகத்தில் எறிந்தான். நெற்றி பிளந்தது. சடையைப் பிடித்து இழுத்து, அவள் கையைத் தறிப்பலகைமேல் வைத்து, கீழே விழுந்த நாடாவை எடுத்துக் குத்தினான். "இந்தக் கைதானே? இந்தக் கைதானே?" விரல் முறிந்த சத்தம் அடுப்படி வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. நான் ஓடிவருவதற்குள் தறியிலிருந்த அரக்குச் சேலையெல்லாம் பிள்ளையின் ரத்தம்.

சுவரோரம் கிடந்த உருட்டுக்கட்டையை எடுத்து அவன் தோளில் போட்டேன். திரும்பினான், மறுபடியும் போட்டேன். தறிக்குழிக்குள் விழுந்தான்.

"எந்திரிச்ச, அடுத்தது மண்டைலதான்" என்றேன். சொன்னதைச் செய்திருப்பேன். அவன் எழுந்திருக்கவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நெற்றிக்குத் தையல் போட்டு, விரலுக்குக் கட்டுப்போட்டார்கள். குழந்தைகள் டாக்டர் கிரேஸ் வந்து, முட்டி வீங்கியது முதல் கை துள்ளுவது வரை என்னிடம் விசாரித்துவிட்டு, பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லேன்னாங்களே மேடம்" என்றேன்.

"இது வாதக் காய்ச்சல்மா. தொண்டைப் புண்ணுல ஆரம்பிக்கும். முட்டி வீங்கினப்ப எடுத்திருந்தா ரெண்டு அளவும் எகிறியிருக்கும். மாசக்கணக்கு ஆச்சில்ல, இறங்கிடுச்சு. கை துள்றது இந்த நோயில கடைசியா, வீக்கமெல்லாம் அடங்கினப்புறம் வர்றது. நார்மல்னா நோய் இல்லேன்னு அர்த்தமில்ல. இதய வால்வுல கசிவு சத்தம் கேக்குது."

மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருஷத்துக்கு. விட்டால் காய்ச்சல் திரும்பும், வால்வு இன்னும் கெடும் என்றார். யார் அடித்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். போலீசுக்குத் தகவல் போனது.

மறுநாள் காலையில் தினகரன் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் வந்தான். கிரேஸ் அவனுக்கும் அதையே சொன்னார். கேட்கக் கேட்க அவன் முகம் செத்துப்போனது.

"கை துள்றது போயிடுங்களா?"

"சில மாசத்துல நின்னுடும்."

அவன் அழுதான். குனிந்து மகளின் தலையைத் தடவக் கையை நீட்டினான். ஜோதிகாவின் இரண்டு கைகளும் விருட்டென்று எழும்பித் தலையை மூடிக்கொண்டன.

அவன் டாக்டரைப் பார்த்தான். "இதுவும் அந்த நோய்தானுங்களா?"

"இல்ல" என்றார் கிரேஸ்.

"வெளிய போ" என்றேன் நான்.

அவன் வார்டைத் தாண்டிய பிறகுதான் ஜோதிகா கைகளை இறக்கினாள்.