வைக்கல் பெட்டிக்குள் சோறு

இந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் ஒருத்திக்கும் அடுப்பு எரிக்கத் தெரியவில்லை என்பது வீரபாகுவின் தீர்மானம். ஒரு செம்புத் தண்ணீர் சுட வைக்க ஒரு கட்டு விறகு. கொதி வந்த பிறகும் தீ திகுதிகுவென்று எரியும். எரித்தவள் வாசலில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். பானை திறந்து கிடக்கும், மூடி சுவரோரம் சாய்ந்திருக்கும். உலகச் சண்டை வந்து கடைக்காரன் மண்ணெண்ணெயை அளந்து ஊத்துகிறான் என்று புலம்பத் தெரிகிறது, அடுப்பில் வீணாகப் போகிற தீ கண்ணுக்குத் தெரியவில்லை.

தென்காசியில் அந்த ஆடி மாதம் சாரல் விடவே இல்லை. குற்றாலத்துப் பக்கமிருந்து விறகு வண்டியும் வரவில்லை. வீரபாகு வீட்டுப் பரணில் காய்ந்த விறகு கொஞ்சம்தான் மிச்சம். மகள் வள்ளித்தாய் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பச்சை உடம்பு, ஈரக்காற்று. தினமும் ஒரு அண்டா வெந்நீர் வேண்டும். சூடு குறைந்தால் சன்னி கண்டுவிடும் என்று எல்லோருக்கும் பயம். சோற்றுக்கு எரித்தால் வெந்நீருக்கு விறகு இல்லை.

மருமகள் குருவம்மாள் ஒரு வழி சொன்னாள்.

“மாமா, சோத்த நல்லா ஒரு கொதி விட்டு எறக்கி, வைக்கல் பெட்டிக்குள்ள பொதிச்சு வச்சிருவோம். அதுவா வெந்திரும். மிச்ச வெறகு வள்ளிக்கு ஆகும்.”

“எவ சொன்னா?”

“பின்தெரு சைதூன் பீவி அக்கா. அவங்க அப்படித்தான் பொங்குதாங்க.”

“நெருப்பு இல்லாம சோறு வேகும்னா ஊருல எதுக்குட்டி அடுப்பு?”

“நெருப்புலதான மாமா கொதிக்குது. அந்தச் சூட்ட வைக்கல் வெளிய விடாது. ஈர வைக்கப்போருக்குள்ள கைய விட்டா எப்படிச் சுடும், ஒங்களுக்குத் தெரியாததா?”

“தெரிஞ்சுதான் சொல்லுதேன். வைக்கப்போர் உள்ளுக்குள்ளயே புகைஞ்சு பத்துனத என் கண்ணால பாத்திருக்கேன். வீட்டக் கொளுத்திராத.”

குருவம்மாள் ஓலைக் கடகப்பெட்டியில் வைக்கோலை அமுக்கிப் பரப்பி, கொதித்த பானையை மூடியோடு உள்ளே வைத்தாள். சுற்றிலும் மேலேயும் வைக்கோலைத் திணித்துச் சாக்கால் போர்த்தினாள். உச்சிப்பொழுது வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் குழந்தைத் துணி அலசப் போனாள்.

வீரபாகுவுக்குப் புகை நாறுகிற மாதிரி இருந்தது. திறந்தார். புகை இல்லை; ஆவி முகத்தில் அடித்தது. மூடினார். சும்மா இருக்க முடியவில்லை. மறுபடி திறந்து ஒரு பருக்கையை நசுக்கினார். கல்லு. அப்பவே சொன்னேன் என்று மூடினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் பார்த்தார்.

உச்சிப்பொழுதில் சோறு பல்லில் நறநறவென்றது.

“நல்லாப் பொங்கியிருக்க. கோழிக்குப் போடு,” என்றார்.

குருவம்மாள் அவர் மீசையில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பைப் பார்த்தாள்.

“எத்தன தடவ தொறந்திய மாமா?”

“பத்திக்கிட்டா யாரு பதில் சொல்லுவா?”

“சூடெல்லாம் ஒங்க மூஞ்சிக்குத்தான் போயிருக்கு.”

சோறு மறுபடி அடுப்பில் ஏறியது. அன்றைய வெந்நீர் விறகு அதற்கே சரியாகிவிட்டது. அன்றைக்கு வள்ளித்தாய் வெதுவெதுப்பான தண்ணீரில் அவசரமாகக் குளித்து, உதடு நடுங்க வந்து படுத்தாள். வீரபாகு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குருவம்மாள் பெட்டியைப் பொதிந்து, மேலே ஒரு பலகையைப் போட்டாள்.

“மாமா, இதுமேல உக்காருங்க. தீப்பிடிச்சா மொதல்ல ஒங்களுக்குத்தான் தெரியும்.”

உள்ளேயிருந்து வள்ளித்தாய் கேட்டாள். “மதினி, அப்பா அடைகாக்குதாங்களா?”

“ஒன் வேலையப் பாரு, கழுத,” என்றார் வீரபாகு. ஆனாலும் உட்கார்ந்தார். பலகைக்குச் சூடே ஏறவில்லை. உள்ளே எல்லாம் ஆறிப்போயிருக்கும் என்று அவருக்கு நிச்சயமாகப் பட்டது. எழுந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. மகளின் உதடு நடுங்கியது ஞாபகம் வர, அப்படியே இருந்தார். பின்கட்டில் அண்டாவுக்கடியில் காய்ந்த விறகு படபடவென்று எரிந்தது. வள்ளித்தாய் ஆவி பறக்க ஆசைதீரக் குளித்துவிட்டு, முகம் சிவந்து, சாம்பிராணிப் புகைக்கு வந்து உட்கார்ந்தாள்.

பெட்டியைத் திறந்தால் சோறு பூவாக இருந்தது. வீரபாகு இரண்டாந்தரமும் போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

“வெந்திருக்கா மாமா?”

“புது அரிசி. வெயில்ல வச்சாலே வெந்திரும்.”

“நேத்தும் இதே மூட்டதான.”

“மேலரிசி வேற, அடியரிசி வேற. ஒனக்கு என்ன தெரியும்?”

கையைக் கழுவினார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வைக்கோல் சோறு ஆக்குமாம் என்று முனகியபடி சாரலில் இறங்கி வயல் பக்கம் நடந்தார்.