நிழலில் வைத்த தகடு

பெரியபட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய தென்னந்தோப்பில் சோணைமுத்துவின் ஆட்டுக்கிடை தங்கி ஏழு நாள் ஆகியிருந்தது. அவர் கமுதிப் பக்கத்து ஆட்டுக்காரர். கோடையில் ஆடுகளை ஊர் ஊராக ஓட்டிச் சென்று, கேட்கிறவர் நிலத்தில் இரவில் வலைகட்டி அடைத்து எருவிடுவார். உடன் வந்தவர்கள் இருவர்: மனைவி வீரலட்சுமி, இராக்காவல் பார்க்கும் மூக்கையா. மூக்கையாவுக்கு அறுபது வயதுக்கு மேல். மனைவி மக்கள் இல்லை. இருபது ஆண்டுகளாகக் கிடை எங்கே தங்கியதோ அதுவே அவர் வீடு. வீரலட்சுமி அவரை அண்ணன் என்று அழைத்ததால், சோணைமுத்துவுக்கு அவர் மச்சான் ஆகிவிட்டார்.

அந்தப் பகுதியில் தெருநாய்கள் அதிகம். அதை எண்ணித் தோப்புக்காரர் சதக், முதல் நாளே ஒரு சோலார் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நான்காக மடியும் தகடு; கூடவே செங்கல் அளவில் ஒரு பேட்டரிப் பெட்டி. சவூதியில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறை நாள்களில் நண்பர்களோடு பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கும்போது விளக்குக்கும் போனுக்கும் அதுதான் துணையாம்.

"பகல் பூரா வெயில்ல விரிச்சு வைங்கண்ணே. ராத்திரி நாலு மூலைக்கும் பல்பு எரியும். வெளிச்சத்தப் பாத்தா நாய் கிட்ட வராது" என்றார் சதக்.

மூக்கையா தகட்டைத் தடவிப் பார்த்தார். "பாய், எங்காளு ஒருத்தன் சூரியனப் பாத்து, 'ராத்திரியும் இருந்துட்டுப் போ, நரி வருது'ன்னானாம். 'எனக்கு அங்கிட்டும் சோலி கெடக்கு. சட்டியத் தொறந்து வையி, கொஞ்சம் வெளிச்சத்த ஊத்திட்டுப் போறேன்'னுச்சாம் சூரியன். இவன் தூசி விழுகுமேன்னு சட்டிய மூடி வச்சானாம்."

"பெறகு?"

"பெறகென்ன, நரிக்கு விருந்து."

எல்லோரும் சிரித்தார்கள். "இந்த அண்ணன் வாயத் தொறந்தா கததான்" என்றாள் வீரலட்சுமி.

அன்றிலிருந்து தகடு மூக்கையாவின் பொறுப்பாயிற்று. தென்னை நிழல் விழாத மணல் திட்டில் அதை விரிப்பார். நிழல் நெருங்க நெருங்க நகர்த்தி வைப்பார். மூவருடைய போன்களும் அந்தப் பெட்டியில்தான் சார்ஜ் ஏறின.

எட்டாம் நாள், பக்கத்து ஊருணி வற்றிவிட்டதால் ஆடுகளைத் தொலைவிலுள்ள தண்ணீருக்கு ஓட்ட வேண்டி வந்தது. இரண்டு ஆண்களும் போனார்கள். மூக்கையா தகட்டை விரித்து, தம் பழைய பட்டன் போனையும் பெட்டியில் சொருகி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். வீரலட்சுமி குட்டிகளோடு இருந்தாள்.

பிறந்து பத்து நாள் ஆகாத குட்டிகளைப் பனையோலைக் கூட்டுக்குள் அடைத்து, வெயில் ஏற ஏறக் கூட்டை நிழலுக்கு நகர்த்துவது கிடையில் பெண்களின் வேலை. பத்து மணிவாக்கில் கூட்டை நகர்த்தியவள், போகிற போக்கில் தகட்டைத் தொட்டாள். கை சுட்டது. பெட்டியும் கொதித்தது. நயினார்கோவிலில் தங்கை வீட்டில் சூடேறி வெடித்த போன் அவள் நினைவுக்கு வந்தது. பாய் நம்பிக் கொடுத்த பொருள். காலையிலிருந்து குடித்த வெயில் போதாதா? மரத்தடியிலும் அனல்தானே வீசுகிறது? தகட்டையும் பெட்டியையும் தூக்கிக் குட்டிகளுக்குப் பக்கத்தில், அதே நிழலில் வைத்தாள். வெயில் தாழ்ந்ததும் பழைய இடத்திலேயே விரித்துவிட்டாள். சொல்ல வேண்டிய செய்தி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இருட்டும் வேளையில் திரும்பிய மூக்கையா பல்புகளைச் சொருகினார். எரிந்தன. பகலெல்லாம் நடந்த களைப்பு, வெளிச்சம் இருக்கிறதே என்ற தைரியம். அவர் கண் அயர்ந்துவிட்டார்.

விடிந்தபோது பல்புகள் அணைந்திருந்தன. ஒன்பது ஆடுகள் நாய்கள் கடித்து வலைக்கு உள்ளும் புறமும் செத்துக் கிடந்தன. அவற்றில் ஐந்து, குட்டி ஈன்ற தாய்கள். கூட்டுக்குள் இருந்த குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"ஏழு நா எரிஞ்ச வெளக்கு நேத்து எப்பிடி அமந்துச்சு மச்சான்?" என்று கேட்டார் சோணைமுத்து.

"தெரியல மாப்ளே. எப்பவும் போலத்தான் விரிச்சேன்."

"வெளக்குதான் அமந்துச்சு. ஒன் கண்ணு எங்க போச்சு?"

"தூங்கிட்டேன்."



அந்தக் கிடைகளில் காவல்காரரை யாரும் போகச் சொல்வதில்லை. காவல் தவறினால் அவரே தம் கம்பைக் கிடை வாசலில் கிடத்துவார். கிடைக்காரர் அதை எடுத்துக் கையில் கொடுத்தால் இருக்கலாம். மூக்கையா கம்பைக் கிடத்தினார். சோணைமுத்து குனியவில்லை.

"எடுத்துக் குடுங்க. பெரிய மனுசன் நிக்கிறாருல்ல" என்றாள் வீரலட்சுமி.

"ஒம்போது உசுரு போயிருக்கு. நீ சும்மா இரு."

மூக்கையா துண்டை உதறித் தோளில் போட்டார். பெட்டியிலிருந்து போனை உருவிப் பையில் வைத்துக்கொண்டார். "குட்டிகள வேற ஆட்டுக்கிட்ட விட்டுப் பாரு தாயி. மொதல்ல ஒதைக்கும். விட்றாத" என்று சொல்லிவிட்டுத் தோப்பைக் கடந்து போனார்.

நண்பகலில் சதக் வந்தார். செத்த ஆடுகளைக் கண்டு, "யா அல்லாஹ்" என்று தலையில் கைவைத்தவர், பெட்டியை எடுத்துப் பார்த்தார். "நேத்து இது வெயில்லதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு பாய். ரொம்பக் கொதிச்சுச்சேன்னு பத்து மணிக்கு மேல நெழல்ல வச்சேன். அங்கனயும் அனலாத்தான் இருந்துச்சு" என்றாள் வீரலட்சுமி.

சதக் பெட்டியைக் கீழே வைத்தார். "தங்கச்சி, இதுக்குச் சூடு வேணாம். வெளிச்சம்தான் வேணும். நெழல்ல வச்சா இது வெறும் காகித அட்ட."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சோணைமுத்து வாசலில் கிடந்த கம்பை எடுத்துக்கொண்டு சதக்கின் வண்டியில் ஏறினார். பேருந்து நிறுத்தத்தில், காலையிலேயே மூக்கையா ராமநாதபுரம் வண்டியில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். தோப்புக்குத் திரும்பி அவர் போனுக்கு அழைத்தார்கள், அணைந்து கிடந்தது. நேற்று அதுவும் அந்தப் பெட்டியை நம்பித்தானே இருந்தது, சரியாகச் சார்ஜ் ஏறியிருக்காது! அதன் வயர் மட்டும் பெட்டியில் தொங்கியது.

"டீக்கடையில எங்கயாவது சார்ஜ் போடுவாரு. இன்ஷா அல்லாஹ், பேசுவாரு" என்றார் சதக்.

"எங்களத் தவிர அவருக்கு யாரு பாய் போன் பண்ணுவா?" என்றாள் வீரலட்சுமி. "எதுக்கு அவரு சார்ஜ் போடணும்?"

அவள் சொன்னபடியே ஆயிற்று. ஆறு நாள் காலையும் மாலையும் அழைத்துப் பார்த்தாள். சோணைமுத்து இரண்டு முறை ராமநாதபுரம் போய்ப் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் தேடிவிட்டு வந்தார். தாயிழந்த குட்டிகளில் இரண்டை வேறு ஆடுகள் ஏற்றுக்கொண்டன. மற்றவை பிழைக்கவில்லை.

அவர் போன ஏழாம் நாள் கிடை நயினார்கோவில் பக்கம் போக வேண்டும். அங்கே ஒருவர் நிலத்தைக் காலியாக வைத்துக் காத்திருந்தார். வீரலட்சுமி தகட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சதக் வாங்கிக்கொள்ளவில்லை.

"வந்தாருன்னா, நாங்க போன எடத்தச் சொல்லுங்க பாய். நாந்தான் தப்புப் பண்ணேன்னும் சொல்லுங்க."

"சொல்றேன் தங்கச்சி."

ஆடுகள் நகர்ந்தன. சோணைமுத்து முன்னே நடந்தார். வீரலட்சுமி தகட்டை மடிக்கவில்லை. தலைமேல் விரித்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். இடுப்பில் கட்டிய பெட்டியில் அவள் போன் சொருகியிருந்தது.

சோணைமுத்து திரும்பிப் பார்த்தார். "தல சுடலையா?"

"சுடட்டும்" என்றாள் அவள்.