மென்று தரும் நிதி

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நிதியை மென்றுதான் தருவார்கள். முதலில் அரசு மெல்லும். பிறகு துணைவேந்தர் மெல்லுவார். அவரிடமிருந்து பதிவாளர் வாங்கி மெல்லுவார். கடைசியாக நிதி அலுவலர் மென்று ஆய்வாளரின் உள்ளங்கையில் துப்புவார். அதற்குள் நன்றாகக் குழைந்திருக்கும்.

எனக்கு அந்த நிதி தேவைப்பட்டது. என் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டு பூட்டி வைத்திருந்தது. காசு கட்டுகிறவர்கள் மட்டும் உள்ளே போய்ப் படிக்கலாம். எல்லோரும் படிக்க வேண்டுமென்றால் எழுதியவர் கட்டணம் கட்டிக் கதவைத் திறக்க வேண்டும். இதற்கு ஓப்பன் ஆக்சஸ் என்று பெயர். அந்தக் கட்டணம் என் சம்பளத்தைவிடப் பெரியது. அதனால் பல்கலைக்கழகம் உதவுகிறது.

கட்டுரை தண்ணீரைப் பற்றியது. ஆற்றோரத்தில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு காலனி இருக்கிறது. அங்குள்ள கிணற்றுத் தண்ணீரையும் மனிதர்களின் ரத்தத்தையும் எடுத்துப் பரிசோதித்தேன். ஊசிக்குப் பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டவர் பச்சையம்மா. ஷாப்பில் தோல் உலர்த்துகிறவர். முதல் ரத்தம் அவருடையது.

அவர் என்னைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

"டீச்சர், மருமவ மாசமா கீறா. அந்தத் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

சொல்ல வாயைத் திறந்தேன்.

"குறிப்பிட்ட ஒரு பகுதியின் நிலத்தடி நீரில் சில உலோகங்களின் இருப்பு ஆராயப்பட்டது. முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன" என்றேன்.

உரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து இப்படித்தான். கட்டுரையைப் பற்றிப் பேசப் போனால் அதன் சுருக்கம் மட்டும் வரும். தலையை ஆட்டிப் பார்த்தேன். தலையும் சுருக்கமாகவே ஆடியது. ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

"போன தபா வந்தப்பவும் இத்தான சொன்ன?"

"கதவத் திறக்கணும் பச்சையம்மா. அதுவரைக்கும் இதுதான் வரும்."

"வா, தொறப்போம்."

நிதிப் பிரிவுக்குப் போகும் தாழ்வாரத்தில் நடந்தோம். முன்னால் கொத்தனார்கள் தரை ஓடு பதித்துக்கொண்டே போனார்கள். நாங்கள் நடக்க நடக்க அவர்களும் பதித்துத் தாழ்வாரத்தை நீட்டினார்கள். எதிரே பேராசிரியர்கள் கன்னம் உப்ப, வாயை மூடிக்கொண்டு வந்தார்கள். நிதி கிடைத்தவர்கள். யாரும் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் சுவரோரமாக வாளியின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். நிதியைத் தெரியாமல் விழுங்கிவிட்டார். திருப்பிக் கொடுத்தால்தான் எழுந்திருக்கலாம். பக்கத்தில் ஒரு காவலாளி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

கொத்தனார்கள் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியில் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டோம்.

எழுத்தர் ரெஜினா கையுறை போட்டிருந்தார்.

"வாயத் திறங்க."

திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வேற நிதி எதாவது வாயில இருக்கா?"

"இல்ல மேடம். காலைல இட்லி சாப்பிட்டேன்."

"யாரோட நிதி?"

"என் சம்பளம்."

"சம்பளம் நாங்க மென்னு குடுத்தது. அப்போ நிதி இருக்கு."

"அது வயித்துக்குப் போயிடுச்சு."

"வயிறு வேற செக்ஷன்" என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.

நிதி அலுவலர் ஞானசிகாமணி மேசைக்குப் பின்னால் மென்றுகொண்டிருந்தார். கழுத்தில் துண்டு கட்டியிருந்தார். துண்டு நனைந்திருந்தது. மென்று மென்று அவருடைய தாடை இரண்டு பங்காகியிருந்தது. வயிறு மேசைக்கு அந்தப் பக்கமாக ஆரம்பித்து இந்தப் பக்கத்தில் முடிந்தது. அவர் எதையும் விழுங்குவதில்லை என்று ஆண்டறிக்கையில் போடுவார்கள். அறையில் பழைய வெற்றிலை வாடை அடித்தது. ஈக்கள் அவர் உதட்டோரம் உட்கார்ந்து எழுந்தன. அவர் விரட்டவில்லை. அவையும் பணியில் இருப்பதுபோல் இருந்தது.

"இவங்க யாரு?"

"என் ஆய்வுக்கு ரத்தம் குடுத்தவங்க சார்."

"ரத்தத்துக்கு நிதி கிடையாது. கட்டுரைக்குத்தான்."

"கட்டுரைக்குத்தான் சார் கேக்குறேன்."

"இந்த வருஷ நிதி தீந்துபோச்சே."

"எப்போ சார்?"

"மெல்லும்போதே."

பச்சையம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பச்சைத்தோல் வாடையில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். அவர் மூக்கைப் பொத்தி நான் பார்த்ததில்லை.

ஞானசிகாமணி நாக்கால் வாய்க்குள் துழாவினார்.

"கடவாப் பல் இடுக்குல கொஞ்சம் இருக்கு. வேணுமா?"

"வேணும் சார்."

"நன்றி சொல்லுங்க."

"நன்றி சார்."

"கட்டுரையிலயும் சொல்லணும்."

அடையாள அட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். வாயைப் பிளந்து குத்தி நெம்பினார். வந்தது. என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறம். வெதுவெதுப்பாக இருந்தது. அதில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. ஞானசிகாமணியின் மீசைக்கு மை அடித்திருந்தது. ஆகவே முடி மேலிடத்தைச் சேர்ந்தது. அதை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன்.

"அதையும் சேத்து வாயில போடுங்க. ஆடிட் வரும்."

"கையில எடுத்துட்டுப் போகக் கூடாதா சார்?"

"கைன்னா ரொக்கம். ரொக்கம் கூடாது."

வாயில் போட்டுக்கொண்டேன். கிராம்பு, மை, யாருடைய வாயிலோ ஊறிய காலைக் காப்பி. என் நாக்கு அந்தச் சுவைக்குப் புதிது இல்லாததுபோல் சும்மா கிடந்தது. அதுதான் எனக்கு மிகவும் குமட்டியது.

"முழுங்கிடாதீங்க. முழுங்கினா கையாடல்" என்று ஞானசிகாமணி சொன்னார்.

ஆய்விதழின் கட்டடம் நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. தாழ்வாரம் நீண்டுகொண்டே போய் எங்களை அங்கேதான் விட்டது. பச்சையம்மா வழியெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கடைவாயில் வழிந்ததை ஒரு முறை தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

உள்ளே ஏசி குளிர்ந்தது. இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கட்டுரை. சாவித்துவாரத்தில் கண் வைத்தால் தலைப்புத் தெரியும். கவுன்ட்டரில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சிரித்தார். அவருக்குப் பல்லே இல்லை. எல்லாம் மென்று வருவதால் முளைக்கவில்லை.

"வருக, ஆய்வாளரே. தங்கள் பங்களிப்பை இதில் இடுங்கள்" என்று ஓர் எவர்சில்வர் தட்டை நீட்டினார்.

துப்பினேன். அவர் விரலால் தொட்டு ஈறுகளில் தடவிப் பார்த்தார். கண்களை மூடிச் சுவைத்தார்.

"சற்றுக் குறைகிறது."

"எப்படிக் குறையும்? அப்படியேதான் கொண்டுவந்தேன்."

"தாங்கள் வரும் வழியில் கட்டணம் உயர்ந்துவிட்டது. தாழ்வாரம் நீளமல்லவா?"

"மீதிக்கு நான் என்ன செய்யிறது?"

"இருப்பதற்குத் தக்கபடி திறக்கலாம். 'இந்த நீரைக் குடிக்க' என்பது வரை அனைவரும் வாசிக்கலாம். அடுத்த சொல் பூட்டியிருக்கும்."

பச்சையம்மா கவுன்ட்டரில் கையை ஊன்றினார்.

"யோவ், உள்ள கீறது என் ரத்தம்யா."

"அம்மா, அதை நாங்கள் தரவு என்று வழங்குகிறோம்."

பச்சையம்மா அவரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அதில் கிடந்த சாம்பல் கொழகொழப்பையும் நரைமுடியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"த்தூ!"

அடி வயிற்றிலிருந்து வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் துப்பினார். குறி தவறித் தட்டில் விழுந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் தட்டைத் தராசில் வைத்தார். முள் நிமிர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"கட்டணம் நிறைவடைந்தது. மிக்க நன்றி. யாரும் மெல்லாதது. இப்போதெல்லாம் இப்படி வருவதே இல்லை."

என் கட்டுரையின் கதவு திறந்தது. உள்ளே போனோம். சுவர் முழுக்க அட்டவணைகள். அலமாரியில் சிறு குழாய்களில் காலனிக்காரர்களின் ரத்தம். பெயர் இல்லை, எண்தான். முதல் குழாயின் முன்னால் பச்சையம்மா நின்றார். அது தன்னுடையது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

என் நாக்கு அவிழ்ந்தது.

"குடிக்கக் கூடாது பச்சையம்மா" என்றேன். "குடிக்கக் கூடாது. சமைக்கவும் கூடாது. குரோமியம் கலந்திருக்கு. உங்க மருமக அந்தத் தண்ணிய வாயிலயே வெக்கக் கூடாது."

நிறுத்த முடியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தபோதுதான் நின்றது.

"புரிஞ்சிச்சு டீச்சர். அப்போ எத்த குடிப்பா?"

கட்டுரையின் கடைசிவரை போய்ப் பார்த்தோம். முடிவில் 'மேலும் ஆய்வுகள் தேவை' என்று எழுதியிருந்தது. நான் எழுதியதுதான். அதன் கீழே ஞானசிகாமணிக்கு நன்றி, என் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில். அதற்கப்புறம் சுவர்.

பச்சையம்மா வெளியே வந்தார். கவுன்ட்டருக்குப் பக்கத்தில் டிஸ்பென்சர் மேல் குடிதண்ணீர்க் கேன் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதன் அருகே இன்னொன்று, மூடி பிரிக்காதது. அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். பிரிக்காத கேனைத் தூக்கித் தலையில் வைத்தார்.

"அம்மா, அது உறுப்பினர்களுக்கு உரியது" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"நான் கட்டினேன் இல்ல?"

அவர் தராசைப் பார்த்தார். யோசித்தார்.

"ஆம். கட்டியிருக்கிறீர்கள்."

கவிழ்த்திருந்த கேனை நான் நிமிர்த்தி எடுத்தேன். கொஞ்சம் சட்டென்று கொட்டியது. உள்ளங்கையால் அதன் வாயை அடைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டேன். அதில் பாதிக்கு மேல் இருந்தது.

தாழ்வாரத்தில் கொத்தனார்கள் மறுபடி வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பேருந்து நிறுத்தம் அவர்களுக்கு அப்பால் எங்கோ இருந்தது. பச்சையம்மா தலை ஆடாமல் முன்னால் நடந்தார். என் வாயில் கிராம்பும் மையும் அப்படியே இருந்தன. நாக்கைச் சுரண்டி எறியலாம் போலிருந்தது. தோளில் தண்ணீர் தளும்பியது.

"வேணும்னா ஒரு வாய் கொப்புளிச்சுக்க டீச்சர்" என்றார் பச்சையம்மா, திரும்பாமல்.

"வேணாம்" என்றேன். "அந்தப் பொண்ணுக்கு இருக்கட்டும்."

கேனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.